குருணை மட்டும் போட்டா முட்டை எங்கேருந்து வரும்?

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி தீனி பத்தித்தான். வெயில் ஏற ஏற கோழி முட்டையைக் குறைக்கும், தீவன மூட்டை வெலை மட்டும் குறையாது, அதனால கேள்வியும் கூடத்தான் செய்யும். இடம் இருக்குற வரைக்கும் பதில் சொல்லிருக்கேன், மிச்சம் அடுத்த இதழ்ல.

கேள்வி: தம்பி, பின்கட்டுல சிறுவிடை நாட்டுக்கோழி ஒரு இருபத்தஞ்சு நிக்குது. காலையில குருணை, சாயங்காலம் மிஞ்சுன சோறு, வயிறு நெறையத்தான் போடுறேன். கோழி நல்லா கொழுகொழுன்னு இருக்கு, ஆனா முட்டை பாதிகூட வரல, வர்ற முட்டையும் கைபட்டாலே நொறுங்குது. யாரோ கண்ணு வச்சுட்டாகளோன்னு எங்க ஆத்தா சொல்றாக. (ஒரு ஆச்சி, பள்ளத்தூர்)

கண்ணெல்லாம் இல்ல ஆச்சி, குருணைதான். கணக்குப் போட்டுக் காட்டுறேன். ஒரு முட்டைக்குள்ள சுமார் 6 கிராம் புரதம், அதோட ஓட்டுல சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கு. 100 கிராம் குருணையில புரதம் 7, 8 கிராம் தேறும், கால்சியம் 10 மில்லிகிராம் வந்தா பெருசு. அப்ப ஒரு முட்டை ஓட்டுக்குத் தேவையான கால்சியத்தைக் குருணையில இருந்தே எடுக்கணும்னா கோழி 20 கிலோ குருணை திங்கணும், நடக்குற காரியமா? அது என்ன செய்யும், தன் எலும்புல இருந்து கொஞ்ச நாளைக்குக் கரைச்சு எடுத்து ஓடு கட்டும், அப்புறம் ஓடு மெலிசாகும், அப்புறம் முட்டையையே நிறுத்திக்கும். இதுக்கு நடுவுல குருணையில இருக்குற மாவுச்சத்து பூரா வயித்துல கொழுப்பா ஏறிக்கிட்டே இருக்கும், நீங்க கொழுகொழுன்னு பாக்குறது அதைத்தான். அடிவயித்துல கொழுப்பு ஏறுன பெட்டை முட்டை வைக்கிறதுல எப்பவும் பின்னாடிதான் நிக்கும்.

முன்னெல்லாம் இதே குருணையைப் போட்டு முட்டை வாங்கலையான்னு கேப்பீங்க, வாங்குனாக. ஆனா அப்ப கட்டுத்தரையில மாடு நின்னுச்சு, குப்பைக்குழி இருந்துச்சு, கோழி நாள் பூரா அதைக் கிளறி புழு, பூச்சி, கரையான்னு புரதத்தைத் தானே தேடித் தின்னுச்சு, குருணை அதுக்கு மேல ஒரு சேர்மானம், அவ்வளவுதான். இப்ப பின்கட்டு பூராம் சிமெண்ட் போட்டாச்சு, மாடு இல்ல, குப்பையை வண்டி வந்து அள்ளிட்டுப் போகுது, தரை சுத்தமா இருக்கு, கோழிக்குத்தான் ஒண்ணும் இல்ல. அதனால யார் கேட்டாலும் நான் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான்: உங்க எடத்துல கோழி தானா என்ன பொறுக்குது? அதுல எது இல்லையோ அதை மட்டும் காசு குடுத்து வாங்குங்க.

உங்களுக்கு நான் சொல்றது இது. 25 கோழிக்கு சாயங்காலம் ஒரு கிலோ கலவை, அதாவது ஆளுக்கு 40 கிராம். குருணை 600 கிராம், தவிடு 150, கடலைப் புண்ணாக்குத் தூள் 200, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 50. இதுல புரதம் 17, 18 சதவீதம் வந்துரும். தவிடு உங்களுக்குப் பக்கத்துலயே புதுவயல் மில்லுல கெடைக்கும், புழுங்கலரிசித் தவிடாப் பாத்து வாங்குங்க, பச்சரிசித் தவிடு கொஞ்ச நாள்லயே சிக்கு வாடை அடிச்சுப் போகும். காலையில கோழியைத் தொறந்து விட்டு மேய விடுங்க, அப்ப ஒரு கைப்பிடி குருணை போதும். சோறு மிஞ்சுனா போடலாம், ஆனா அதுதான் தீனின்னு நெனச்சுக்காதீங்க.

கால்சியத்துக்கு கிளிஞ்சல் சில்லு, தீவனக் கடையில கிலோக் கணக்குல கெடைக்கும், தனியா ஒரு மண்சட்டியில போட்டு வச்சிருங்க, தீனியோட கலக்கவேணாம். முட்டை வைக்கிற கோழி தனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு தானே கொத்திக்கும், சேவல் பக்கத்துல போகாது, வேடிக்கையாத்தான் இருக்கும். சட்டியைச் சாயங்காலம் கண்ணுல படுற மாதிரி வைங்க, ஏன்னா ஓடு கட்டுற வேலை பெரும்பகுதி ராத்திரிலதான் நடக்குது, தூளா இருக்குறதைவிட சில்லு சில்லா இருந்தா வயித்துல மெதுவாக் கரைஞ்சு ராத்திரி பூரா கெடைக்கும். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பைத் தண்ணில கரைச்சு வைக்காதீங்க, வாய், தொண்டையெல்லாம் வெந்து போகும். வீட்டு முட்டை ஓட்டையே காயவச்சு நுணுக்கிப் போடலாம், நல்லா நுணுக்கணும், முட்டை ஓடுன்னு அடையாளம் தெரிஞ்சா அப்புறம் கூட்டுல இருக்குற முட்டையைக் கொத்த ஆரம்பிச்சிரும்.

இன்னொண்ணு, இது சித்திரை. நம்ம பக்கத்து வெயில்ல கோழி வாயத் தொறந்து இளைக்குதுல்ல, அப்படி இளைக்கையில ரத்தத்துல இருக்குற கரியமிலவாயு அளவுக்கு மேல வெளிய போயிருது, ஓடு கட்டுறதுக்கு வேண்டிய கார்பனேட் அதுல இருந்துதான் வரணும், அதனால கால்சியம் சரியா இருந்தாக்கூட வெயில் காலத்துல ஓடு கொஞ்சம் மெலியும். மண்தொட்டியில தண்ணி வச்சு மத்தியானம் ஒருதரம் மாத்துங்க, நெழல்ல வைங்க. தீனியை விடியக்காலம், பொழுது சாஞ்சப்புறம்னு ரெண்டு வேளை, நடு வெயில்ல போடவே வேணாம். ஆத்தாவுக்கு மனசு கேக்கலைன்னா சுத்திப் போட்டுக்கட்டும், கோழிக்கு ஒரு கெடுதலும் இல்ல.

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர்ல இருந்து வந்து தேவகோட்டைப் பக்கம் 300 நாட்டுக்கோழிக் குஞ்சு எறக்கிருக்கேன், மூணு வாரம் ஆச்சு. கம்பெனித் தீவனம் வாங்கி கட்டுப்படியாகாது போல இருக்கு, நானே அரைச்சுக் கலக்கலாமா, ஒரு பார்முலா குடுங்கண்ணே.

கலக்கலாம் தம்பி, ஆனா இப்ப இல்ல. குஞ்சு எட்டு வாரம் முடியுற வரைக்கும் கம்பெனி ஸ்டார்ட்டரையே, அதாவது குஞ்சுத் தீவனத்தையே போடுங்க. அந்த வயசுல புரதம் 20 சதவீதம் வேணும், வைட்டமின், அமினோ அமிலம் எதுல கொறஞ்சாலும் கால் வளையும், றெக்கை மொளைக்காது, அப்புறம் எத்தனை மூட்டை போட்டாலும் அந்தக் குஞ்சு தேறாது. எட்டு வாரத்துக்கு ஒரு நாட்டுக்குஞ்சு திங்கிறது ஒன்றரைக் கிலோவுக்குள்ளதான், அதுல நீங்க மிச்சம் பிடிக்கிற காசு பெருசா இருக்காது. செலவே அதுக்கப்புறம்தான், கோழிப் பண்ணையில செலவுல 65, 70 சதவீதம் தீவனம்னு சொல்றது பொய்யில்ல. அங்க மிச்சம் பிடிங்க.

எட்டு வாரத்துக்கு மேல 16 சதவீதம் புரதம் போதும். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, குருணை 15, வெள்ளைச்சோளமோ கம்போ 5, எண்ணெய் எடுத்த தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 12, கருவாட்டுத் தூள் 6, தாது உப்புக் கலவை 2. முட்டைக்குன்னு பெட்டையை நிறுத்துறதா இருந்தா முட்டைக்கு வர்ற நேரத்துல வேற கலவைக்கு மாறணும்: மக்காச்சோளம் 45, சோயாப் புண்ணாக்கு 18, எண்ணெய் எடுத்த தவிடு 18, குருணை 8, கருவாடு 3, கிளிஞ்சல் 6, தாது உப்பு 2. இதுல புரதம் 16 சதவீதத்துக்கு மேல வரும், கால்சியம் 3 சதவீதத்துக்குப் பக்கம் வரும். முந்தியே இந்த ரெண்டாவதைப் போட்டுறாதீங்க. லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழித் தீவனம், சல்லிசாக் கெடைக்குதுன்னு ரெண்டு மாசக் குஞ்சுக்குப் போட்டவங்களைப் பாத்திருக்கேன், முட்டையே வைக்காத வயசுல அவ்வளவு கால்சியம் உள்ள போனா கிட்னி கெட்டு, உள்ளுறுப்பு மேலெல்லாம் வெள்ளையா சுண்ணாம்பு பூசுன மாதிரி யூரிக் உப்பு படிஞ்சு சாகும். டாக்டர் அறுத்துப் பாத்தாத்தான் தெரியும், அதுவரைக்கும் என்ன நோய்னே புரியாது.

பார்முலா யார் வேணா சொல்லலாம், சரக்குதான் பாடு. மக்காச்சோளம் வாங்கையில ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, மீட்டர் இல்லையா, ஒரு மணியைப் பல்லுல கடிங்க, டக்குனு ஒடையணும், நசுங்குனா அது ஈரச் சரக்கு, பூசணம் வந்தே தீரும். கருவாடு தொண்டிப் பக்கம் இருந்து வர்றது நல்லாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு சோதனை: ஒரு பிடி தூளைத் தண்ணி டம்ளர்ல போட்டா அடியில மணல் எவ்வளவு தங்குதுன்னு தெரிஞ்சிரும், நாக்குல வச்சா உப்பும் தெரிஞ்சிரும். தீவனத்துல மொத்த உப்பே 0.3 சதவீதம்தான் வேணும், உப்புக் கருவாட்டை 6 கிலோ போட்டுட்டு தனியா கல்லுப்பும் சேத்தா தண்ணியாக் கழியும், எச்சம் ஈரமாகும், ஷெட்டே நாறும். முழு சோயா பயறை வாங்கிப் பச்சையா அரைச்சுப் போடாதீங்க, செரிமானத்தைத் தடுக்குற சத்து அதுல இருக்கு, சூடு பண்ணி எண்ணெய் எடுத்த புண்ணாக்குதான் சரி. அரைக்கிறது ரவை மாதிரி இருந்தாப் போதும், மாவா அரைச்சா அலகுல ஒட்டும், பாதி காத்துல பறக்கும். தாது உப்பை நேரா 100 கிலோ குவியல்ல கொட்டாம மொதல்ல ரெண்டு கிலோ தவிட்டுல கலந்து, அதைப் பத்து கிலோவுல கலந்து, அப்புறம் மொத்தத்துல கலங்க, இல்லேன்னா ஒரு கோழிக்கு ஒரு வாரத்து உப்பு, இன்னொண்ணுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிரும். பதினஞ்சு நாளைக்கு மேல கலந்து வைக்காதீங்க, மூட்டை தரையிலயும் படக்கூடாது, சொவத்துலயும் சாயக்கூடாது. கறிக்கு விக்கிறதுக்கு ரெண்டு வாரம் முந்தி கருவாட்டை நிறுத்திருங்க, இல்லேன்னா நாட்டுக்கோழிக் குழம்பு மீன் கொழம்பு வாடை அடிக்குதுன்னு வாங்குனவன் சண்டைக்கு வருவான். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துலயும் ஒருதரம் போய்ப் பேசிப் பாருங்க, நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்கிறது வேற.

கேள்வி: தண்ணில மெதக்குற அசோலாச் செடியைப் போட்டா தீவனச் செலவு பாதியாகும்னு வீடியோவுல சொல்றாங்களே, உண்மையா சார்? (கானாடுகாத்தான் வாசகர்)

அசோலாவுல 25 சதவீதம் புரதம்னு சொல்றாங்கள்ல, அது நல்லாக் காயவச்சதுக்கு. தொட்டியில இருந்து அள்ளுற பச்சை அசோலா ஒரு கிலோவுல 940 கிராம் வெறும் தண்ணி, மிச்சம் 60 கிராம், அதுல நாலுல ஒரு பங்கு புரதம்னா 15 கிராம் பக்கம் வருது. அதே புரதம் 30, 35 கிராம் சோயாப் புண்ணாக்குல வந்துரும். ஒரு கிலோ பச்சையைத் தின்னு வயித்தைத் தண்ணியால ரொப்புனா கோழி வேற எதைத் திங்கும்? அதனால பாதியெல்லாம் ஆகாது சார், பத்துல ஒரு பங்கு தீனியைக் குறைக்கலாம்னு வச்சுக்கங்க. ஆனா வேணாம்னு சொல்லல, கூண்டுக்குள்ளயே கெடக்குற கோழிக்குப் பச்சை கெடைக்குது, மஞ்சக்கரு நெறம் ஏறுது, கோழிக்குப் பொழுதும் போகுது. தொட்டிக்கு உரமாப் போட்ட சாணி வாடை போக நல்ல தண்ணில அலசிட்டுப் போடுங்க. நம்மூரு வெயிலுக்கு மேல நெழல்வலை இல்லேன்னா அசோலா செவந்து போய் நின்னுரும், அதையும் அந்த வீடியோவுல சொல்லிருக்க மாட்டாங்க.

செலவில்லாம புரதம் வேணும்னா கரையான் பிடிங்க. பழைய மண்பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலைத்துண்டு திணிச்சு, தண்ணி தெளிச்சு, கரையான் ஓடுற எடமாப் பாத்து ராத்திரி கவுத்து வச்சிட்டா காலையில பானை நெறைய இருக்கும். நம்ம செம்மண்ணுல கரையானுக்கா பஞ்சம்? குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கெடையாது. வீட்டு மர உத்தரத்துக்குப் பக்கத்துல மட்டும் பானையை வச்சிறாதீங்க, தேக்கு வீடு பாத்துக்கங்க.

கேள்வி: வான்கோழிக்குஞ்சு நாப்பது வாங்குனேன், பிராய்லர் தீவனமும் வீட்டுல கெடந்த கடலைப் புண்ணாக்கும்தான் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமா நடக்க முடியாம படுத்து பாதி செத்துப் போச்சு. என்ன காரணம்? (கல்லல்)

நீங்க எழுதுனதை வச்சுப் பாத்தா ரெண்டு சந்தேகம் வருது, ரெண்டுமே தீனிலதான்.

கடலைப் புண்ணாக்குல பூசணம் பிடிச்சா அப்ளாடாக்சின்னு ஒரு விஷம் உண்டாகும். அந்த விஷம் இருக்குறதையே உலகத்துக்குக் காட்டிக்குடுத்தது வான்கோழிதான். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சு, என்ன நோய்னு யாருக்கும் தெரியல, கடைசியில பிரேசில்ல இருந்து கப்பல்ல வந்த கடலைப் புண்ணாக்குலதான் விஷம்னு கண்டுபிடிச்சாங்க. கோழி தாங்குற அளவு வான்கோழியும் வாத்துக்குஞ்சும் தாங்காது, ஈரல் கெட்டுரும். வெயில்ல காயவச்சாலும் வறுத்தாலும் அந்த விஷம் போகாது, பூசணம் சாகும், விஷம் அப்படியே நிக்கும். அதனால வீட்டுல கெடந்த புண்ணாக்குன்னு எழுதிருக்கீங்களே, அந்த கெடந்தங்குறதுதான் எனக்கு ஒதைக்குது. மிச்சம் இருந்தா மாட்டுக்கும் போடாதீங்க, பால்ல எறங்கும். சந்தேகத்துக்குப் பாக்கணும்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனத்தைச் சோதிக்கிற லேப் இருக்கு, சாம்பிள் அனுப்பலாம்.

ரெண்டாவது, பிராய்லர் தீவனம். ரத்தக்கழிச்சல் வராம இருக்க அதுல மருந்து கலந்துதான் வரும், பலதுல சாலினோமைசின் இருக்கும். கோழிக்கு அது ஒண்ணும் பண்ணாது, வான்கோழிக்கு விஷம், தசை செத்து கால் விழுந்துரும். மூட்டையில தச்சிருக்குற சீட்டைப் படிங்க, படிக்காம வான்கோழிக்கோ கின்னிக்கோழிக்கோ குதிரைக்கோ அதைப் போடாதீங்க. அதுபோக வான்கோழிக்குஞ்சுக்கு மொத நாலு வாரம் 28 சதவீதம் புரதம் வேணும், பிராய்லர் ஸ்டார்ட்டர்ல 22தான் இருக்கும்.

அடுத்த தரம் எறக்கும்போது இதையும் கவனிங்க: வான்கோழிக்குஞ்சுக்குக் கண்ணு முன்னாடி தீனி இருந்தாலும் திங்கத் தெரியாது, பட்டினியிலயே சாகும். மொத பதினஞ்சு நாள் ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஒரு அவிச்ச முட்டை, தட்டுல கலர் கோலிக்குண்டு நாலு போட்டு வைங்க, அது மினுங்குறதைக் கொத்தப் போய் தீனியைக் கண்டுபிடிச்சுக்கும்.

கேள்வி: நான் காரைக்குடியில மெஸ் வச்சிருக்கேன். பிராய்லர்ல ஹார்மோன் ஊசின்னு கஸ்டமர் தெனம் கேக்குறாங்க, நாட்டுக்கோழி முட்டைக்கு மஞ்சக்கரு செவப்பா இருந்தாத்தான் ஒரிஜினல்ங்குறாங்க. என்ன சொல்ல?

ஹார்மோன் ஊசி போடுறதில்லைன்னு தைரியமாச் சொல்லுங்க. ஆயிரக்கணக்குல கோழி நிக்கிற ஷெட்டுல ஒவ்வொண்ணாப் பிடிச்சு ஊசி போட்டா கூலி கட்டாது, தீனில கலந்தா வளர்ச்சி ஹார்மோன் புரதம்ங்குறதால வயித்துலயே செரிச்சுப் போகும். பிராய்லர் அஞ்சாறு வாரத்துல 2 கிலோ வர்றதுக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்த இனமும் கணக்காக் குடுக்குற தீனியும்தான். கேக்க வேண்டிய கேள்வி ஆன்டிபயாட்டிக் பத்தி. மனுசனுக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்குற கோலிஸ்டின்கிற மருந்தைக் கோழித் தீவனத்துல போடக்கூடாதுன்னு 2019ல மத்திய அரசு தடை போட்டுச்சு. நீங்க வாங்குற பண்ணையில என்ன மருந்து குடுத்தாங்க, குடுத்து எத்தனை நாள் கழிச்சுப் பிடிச்சாங்கன்னு கேளுங்க.

மஞ்சக்கரு நெறம் பச்சையும் மஞ்சள் மக்காச்சோளமும் திங்கிறதுல வருது, சத்துக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தமில்ல. கம்பும் குருணையும் தின்ன அசல் சிறுவிடை முட்டை வெளுத்துத்தான் இருக்கும், கூண்டுல கெடக்குற லேயருக்குச் செண்டுமல்லிப்பூ சாறு கலந்த தீனி போட்டா ஆரஞ்சு கலர்ல வரும்.

கேள்வி: கல்யாண வீட்டுச் சமையல் பண்றோம், மிச்சம் நெறைய விழுது. காரம் தின்னா கோழிக்கு வயிறு எரியாதா? (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

எரியாது! மொளகாக் காரம் பறவைக்கு உறைக்கவே உறைக்காது, அந்தக் காரத்தை உணர்ற எடம் நம்ம மாதிரி அதுக்கு இல்ல, அதனாலதான் மொளகாச் செடியில கிளி வந்து பழமாக் கொத்துது. நம்ம செட்டிநாட்டு வறுவலையே வச்சாலும் அசராம திங்கும் (கோழிக்கறியை வைக்காதீங்க, அது வேற பாவம்). பயப்பட வேண்டியது உப்புக்கு. ஊறுகாய், அப்பளம், வத்தல், மிஞ்சுன கொழம்பு வண்டல் இதெல்லாம் ஒதுக்கிருங்க, குஞ்சு இருந்தா கட்டாயம் ஒதுக்குங்க. சோறு, இட்லி, காய்கறிக் கழிவு, தேன்குழல் ஒடசல் கொஞ்சமாப் போடலாம். ராத்திரி மிஞ்சுனது மறுநாள் மத்தியானம் நூல் விட்டுப் போச்சுன்னா குழியில கொட்டுங்க, கெட்டுப்போன சோறு தின்ன கோழி கழுத்து தொங்கி விழுந்துரும், அதுக்கு வைத்தியம் பாக்குறது பெரும்பாடு.

கேள்வி: அங்கிள், எங்க கோழி தெர்மாகோலைத் தேடித் தேடித் திங்குது. கல்லும் திங்குது. செத்துருமா? (கோட்டையூர், ஏழாம் வகுப்பு)

கல்லு திங்கட்டும்டா கண்ணு, கோழிக்குப் பல்லு கெடையாது, அந்தக் கல்லு வயித்துக்குள்ள அரைவைப்பையில தங்கி தானியத்தை அரைக்கும். வெளிய விடாத கோழின்னா நீயே பொடிக்கல்லு கொஞ்சம் அள்ளிப் போடு. தெர்மாகோல் எல்லாக் கோழிக்கும் பிடிக்கும், ஏன்னு கேட்டா அதுக்குத்தான் தெரியும், ஆனா அதுல சத்தும் இல்ல, செரிக்கவும் செரிக்காது. கொஞ்சம் தின்னதுக்குச் சாகாது, நெறைய தின்னா அடைச்சுக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டியை மாடியில தூக்கி வைக்கச் சொல்லு அப்பாவை.